பன்னிரண்டு மணிக்குள் மறுப்பு வராவிட்டால்

…அந்தச் சொற்களை யார் கொண்டுவந்து சொருகினார்கள் என்று கேட்டால் இப்போது ஒருவருக்கும் தெரியாது, நேற்று மாலை எல்லோரும் கோட்டுகளை மாட்டிக்கொண்டு மண்டபத்தை விட்டுக் கிளம்பியபோது அந்த வாக்கியம் பரம சாதுவாகத்தான் இருந்தது, ஒரு நாடு தான் வாங்கிய தடுப்பூசியில் தன் தேவைக்கு மிஞ்சியதை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான், யாருக்கும் புரியும், ஆனால் இன்று காலை கணினியைத் திறந்தால் அதே வாக்கியத்தின் நடுவில், சோற்றில் கல் மாதிரி, 'உற்பத்தியாளரின் எழுத்துமூலமான முன் அனுமதி பெற்று' என்று உட்கார்ந்திருக்கிறது, பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தது போல… அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார், கல் அங்கேயேதான் இருந்தது. தன் சின்ன நாட்டுக்காக இந்த அயல் நகரத்துப் பேச்சுவார்த்தை மேசைகளில் உட்கார்ந்தே தலை நரைத்தவர் அவர், இப்படிப்பட்ட சொற்களுக்குத் தாயும் இல்லை தகப்பனும் இல்லை என்று தெரியும், கூட்டத் தலைவரின் அலுவலகத்தைக் கேட்டால் பல தரப்பையும் கேட்டுச் சமன் செய்தோம் என்பார்கள், பெரிய நாடுகளைக் கேட்டால் நாங்களும் இப்போதுதான் பார்க்கிறோம் என்பார்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள் மண்டபத்துக்குள்ளேயே வருவதில்லை, வெளியே காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பதோடு சரி, நின்று என்ன பேசுவார்கள், மழை வருமா வராதா என்று பேசுவார்கள், யாரும் ஒன்றும் செய்யவில்லை, கல் மட்டும் வந்துவிட்டது. வரைவுக்கு மேலே தலைவரின் குறிப்பு, அதே வழக்கமான வாசகம், இந்த வரைவு மௌன நடைமுறையில் வைக்கப்படுகிறது, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எந்த நாட்டிடமிருந்தும் மறுப்பு வராவிட்டால் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும்… கை தூக்க வேண்டாம், கையெழுத்துப் போட வேண்டாம், சும்மா இருந்தால் போதும், சும்மா இருப்பதுதான் சம்மதம். இதை முதன்முதலில் மனைவிக்கு விளக்கியபோது விழுந்து விழுந்து சிரித்தாள், "அப்போ தூங்கிட்டு இருக்கிறவனும் சம்மதிச்சிட்டான்னு எழுதிப்பீங்களா சர்க்கார்?" அவரை அவள் சர்க்கார் என்றுதான் கூப்பிடுவாள், கல்யாணமான புதிதிலிருந்தே, ஆமா என்றார், "செத்துப் போனவன்?" என்றாள், செத்தவங்களுக்கு இதுல பேச்சே கிடையாது என்று அவர் சொல்ல, அதுக்கும் சிரித்தாள், எதற்குத்தான் சிரிக்கமாட்டாள்.

கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்கியிருந்தது, எப்போது போட்டார், நினைவில்லை, ஒரு கோப்பைக்குத்தான் வேண்டும், இப்போதும் இரண்டு கோப்பைக்கான தண்ணீரையே ஊற்றுகிறார், கைக்கு யார் போய்ச் சொல்வது. கீழ்வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது, சனிக்கிழமை என்பதற்கு இந்தக் கட்டடத்தில் அதுதான் அடையாளம், எதிர்ச் சாரியில் பல் வைத்தியரின் ஜன்னல் மூடியிருந்தது, பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி குடையை விரிக்கவா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்… ஜன்னலோரம் நாற்காலி. சாப்பாட்டு மேசையிலிருந்து அவள்தான் அதை இழுத்துவந்து போட்டாள், அங்கே உட்கார்ந்தால் நிறுத்தம் நேராகத் தெரியும், அவர் பேருந்தை விட்டு இறங்குவதைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கெட்டிலைத் தட்டிவிடுவாள், லிப்டில் ஏறி வந்து அவர் கதவைத் திறப்பதற்கும் தண்ணீர் கொதிப்பதற்கும் சரியாக இருக்கும், லிப்டு பழுதானால் தண்ணீர் ஆறிவிடும், "உங்களால ஒரு மாடி ஏற இவ்வளவு நேரமா, தண்ணி ரெண்டு தடவை கொதிச்சிடுச்சு" என்று ஒரு பாட்டு விழும். இப்போதும் இறங்கியதும் தலை மேலே போகிறது, நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கிறார், பிறகு பார்த்ததை யாராவது பார்த்தார்களா என்று பார்க்கிறார். அந்த நாற்காலிக்கு அடியில் ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருக்கும், எண் போட்டு, கட்டில், அலமாரி, இந்த மேசை, எல்லாவற்றுக்கும் உண்டு, வீடே அலுவலகத்தினுடையது, பதவி இருக்கும்வரை வீடு, வந்த முதல் நாள் அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு அவர் சட்டைக் காலரையும் தூக்கிப் பார்த்தாள், "உங்களுக்கு எங்க ஒட்டியிருக்காங்க?" அதனால்தான், வேறு எதனாலும் இல்லை, இந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது, ஓய்வு பெறும்வரையாவது, அதன்பிறகு எப்படியும் காலி செய்யச் சொல்வார்கள், அதுவரையாவது அந்த நாற்காலி போட்ட இடத்தில் கிடக்கட்டும், வேறொரு அதிகாரியின் மனைவி வந்து இது எதுக்கு இங்க வழியில என்று மேசைப்பக்கம் தள்ளும் நாள் வரட்டும் மெதுவாக… அதற்கு இன்று அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான்.

அமைச்சகத்து இயக்குநரும் அதைத்தான் சொன்னார், காலையிலேயே, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தலைநகரிலிருந்து போன். வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை, சிரித்துப் பேசுகிறவர், "சார், வரைவைப் பாத்திருப்பீங்க. ஒண்ணும் பண்ணாதீங்க. இன்னைக்கு உங்க வேலையே அதான், ஒண்ணும் பண்ணாம இருக்கிறது. கஷ்டமான வேலையா, சொல்லுங்க?" அந்த அனுமதி வாசகத்தைப் பார்த்தீங்களா என்று இவர் வாய் நுரையோடு கேட்க, "பாத்தோம் சார், மந்திரி வரைக்கும் போச்சு. நாம இப்போ புது ஒப்பந்தம் பேசிட்டு இருக்கோம், உங்களுக்குத் தெரியாததா, அடுத்த தடவை நோய் வந்தா வரிசையில நமக்கு முன்னாடி இடம். போன தடவை கடைசியில நின்னோமே, போதும்டா சாமி. இந்த நேரத்துல கம்பெனியோட எதுக்குச் சார் உரசிக்கணும்? எப்படியும் பெரிய நாடு ஏதாவது ஒண்ணு மறுப்பு குடுத்துடும், நம்ம தலை ஏன் உருளணும்" என்றார், பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உங்க மனசு எனக்குப் புரியுது சார். அதுக்குத்தான் நானே போன் பண்றேன். தப்பா எடுத்துக்காதீங்க, இன்னைக்கு ஏதாவது நடந்துச்சுன்னா உங்களைத் திரும்ப அழைச்சுக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி இருக்காது." சரி என்றார், வேறு என்ன சொல்வது, இயக்குநர் சொன்னதில் பொய் எது, வரிசையில் முன்னால் நிற்பது நல்லதுதானே, ஒரு நாட்டுக்கு வேறு என்ன வேண்டும், முன்னால் நின்று வாங்கினால் பின்னால் நிற்பவனுக்குக் கொடுக்க முடியாது என்பது மட்டும்தான், கொடுப்பதற்குக் கம்பெனியைக் கேட்க வேண்டும், கேட்டால் பார்க்கிறோம் என்பார்கள், பார்த்துக்கொண்டே இருப்பார்கள்… வாயைக் கொப்பளித்தபோது கண்ணாடியில் ஒரு கிழவன் நின்றிருந்தான், வாயோரம் நுரை.

போன தடவை. போன தடவை என்று எல்லோரும் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள், போன தடவை விருந்துக்கு வந்தபோது என்பதைப் போல. அவளுடைய அக்காவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, பக்கத்தில் ஆள் வேண்டும், அக்காவுக்கும் இவளை விட்டால் யார், இவர்களுக்கும் பிள்ளைகள் இல்லை, "ரெண்டு வாரம்தான் சர்க்கார், பட்டினி கிடந்து செத்துப்போயிடாதீங்க" என்று பெரிய நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள், ரெண்டு வாரத்துக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பெட்டி என்று லிப்டு வாசலில் சண்டை, அவள் போய் இறங்கினாள், நோயும் வந்து இறங்கியது, விமானங்கள் நின்றன. அவர் இங்கே இருந்தார், பணக்கார நகரத்தில். இங்கே எல்லோருக்கும் தடுப்பூசி சீக்கிரம் வந்தது, வெளிநாட்டு அதிகாரிகளுக்கும் சேர்த்துத்தான், ஒரு விளையாட்டு அரங்கத்தில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள், ஊசி போட்ட பெண் எந்தக் கையால் எழுதுவீங்க என்று கேட்டாள், வலது கை என்றார், அப்போ இடது கையில் போடுறேன், நாளைக்கு எழுதணும்ல என்றாள், அவர் அதை அன்றிரவு போனில் மனைவியிடம் சொன்னார், ஏன் சொன்னார், ஒரு பேச்சுக்குச் சொன்னார், "வலிக்குதா?" என்றாள், லேசா, "நல்லவேளை, ஒருத்தராவது போட்டுக்கிட்டோமே" என்றாள், பொறாமையாகக்கூடச் சொல்லவில்லை, பொறாமையாகச் சொல்லியிருந்தால் இன்றைக்குத் தேவலையாக இருக்கும்… அவள் இருந்த ஊரில் ஊசி இல்லை, பக்கத்து நாட்டில் மிஞ்சி இருந்தது, இதுதான் கதை, வேறு ஒன்றுமில்லை. பக்கத்து நாட்டுக்காரர்கள் நல்ல மனசோடு எடுத்துக்கோங்க என்றார்கள், பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய் விமான நிலையக் குளிர் அறையில் வைத்தார்கள், விமானம்கூட வந்து நின்றது, அப்போது கம்பெனியின் சட்டப் பிரிவுக்காரர் ஒருவர் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைக் காட்டினார், எங்கள் எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் வாங்கியவர் வேறு எவருக்கும் கைமாற்றக் கூடாது, அங்கே யாருக்காவது ஏதாவது ஆனால் வழக்கு யார் மேல் பாயும், நியாயம்தானே, சட்டத்தைப் படித்தவருக்கு அது நியாயமான கேள்விதான். அனுமதி கேட்டு இங்கிருந்து போன கோரிக்கைகளை எல்லாம் எழுதியது இவருடைய வலது கை, நன்றியுடன் நினைவூட்டுகிறோம், மீண்டும் பணிவுடன், தங்கள் மேலான கவனத்துக்கு… அனுமதி வந்தது. வந்தபோது மருந்தின் கெடு முடிந்திருந்தது, அவளும் முடிந்திருந்தாள்.

ஆனாலும், அந்தப் பெட்டிகள் சரியான நேரத்துக்கு வந்திருந்தால் அவளுக்கு ஒன்று கிடைத்திருக்குமா, முதலில் நர்சுகளுக்குப் போட்டிருப்பார்கள், பிறகு அறுபது வயது தாண்டியவர்களுக்கு, அவளோ தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு நாற்பத்தைந்து என்று சொல்லிக்கொள்கிறவள், வரிசையில் எங்கே நின்றிருப்பாள், அக்காவை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நின்றிருப்பாள், தெரியாது, யாருக்கும் தெரியாது. இந்தத் தெரியாததைத்தான் அவரால் விழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை, இந்த வாக்கியம்தான் அவளைக் கொன்றது என்று ஒரு நாள் அடித்துச் சொல்வார், மறுநாள் பேருந்தில் போகும்போது வாக்கியம் ஆளைக் கொல்லுமா என்று இருக்கும்…

மேசைமேல் போன் துடித்தது. பக்கத்து வீட்டம்மா. அந்தப் பக்கத்து நாட்டின் பிரதிநிதிதான், உயரமான, உரக்கப் பேசுகிற பெண்மணி, கூட்டங்களில் இரண்டு நாட்டுப் பெயர்ப்பலகையும் அகர வரிசையில் அடுத்தடுத்து வரும், அதனால் வருஷக்கணக்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, பக்கத்து வீட்டம்மா என்று பெயர் வைத்தது அவள், ஒரு விருந்தில் அந்த அம்மாவிடமே போய்ச் சொல்லியும் விட்டாள், அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பாத்தீங்களா?" என்றார் எடுத்த எடுப்பில். பார்த்தேன். "என்ன அநியாயம் பாருங்க, மூணு வருஷம் தொண்டை கிழியக் கத்தி அந்த வாக்கியத்தை வாங்கினோம், ஒரே ராத்திரியில முடிச்சிட்டாங்க. நீங்க மறுப்பு அனுப்புறீங்கதானே?" நீங்க அனுப்பலையா என்றார் இவர். அந்தப் பக்கம் ஒரு குழாயில் தண்ணீர் விழும் சத்தம், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுகிறார் போல, "நான் எப்படிங்க… எங்க ஊர்ல ஃபேக்டரி கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. இடம்கூடப் பாத்தாச்சு. என் வாயை நல்லா ஒட்டி வெச்சுட்டாங்க. நான் நெனச்சேன், நீங்கன்னா… உங்களுக்கு… யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு." எனக்கு என்ன, பெண்டாட்டி செத்தவன் என்பதாலா என்று நாக்கு வரை வந்தது, சொல்லவில்லை, பெரிய நாடு ஏதாவது மௌனத்தைக் கலைக்குமாமே என்றார். "யாரு சொன்னா? அவங்களைக் கேட்டேன், அவங்க உங்களைச் சொல்றாங்க. தீவு நாட்டுக்காரங்களும் உங்களைத்தான் சொல்றாங்க. எல்லாரும் நீங்க பாத்துப்பீங்கன்னு ஷாப்பிங் போயிட்டாங்க" என்று சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது, "அந்தக் குளிர் அறைக்கு நான் போயிருக்கேன், தெரியுமா? அப்போ கொஞ்ச நாள் என்னை எங்க ஊருக்கு மாத்தியிருந்தாங்க. பெட்டிங்க மேல உங்க ஊர் பேரு ஒட்டியிருந்துச்சு. அனுமதி இன்னைக்கு வரும் நாளைக்கு வரும்னு தினமும் போய் நிப்பேன், கை விறைச்சுப் போயிடும். சரி, வெக்கிறேன்." வைத்துவிட்டார். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் இதைச் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. பெட்டிகளின் மேல் ஊர்ப் பெயர், எந்த நிற எழுத்தில் எழுதியிருந்தார்கள்…

கோப்பையைக் கழுவினார், கழுவிய கோப்பையை மறுபடி கழுவினார். ஆக, உலகத்தில் உள்ள அத்தனை நாடும் அடுத்தவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, கூட்டத்தில் இருமல் வந்தால்கூட யாராவது முதலில் இருமட்டும் என்று அடக்கிக்கொள்கிற ஆட்கள், இப்படித்தான் போகும், பன்னிரண்டு அடிக்கும், யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதால் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், அடுத்த வாரம் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவரையொருவர் பார்த்து, நீங்க குடுப்பீங்கன்னு நெனச்சேன், அட நான் உங்களை நெனச்சேன்… இன்னொரு குறுக்கு வழி உண்டு, அவருடைய தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது, தலைநகரிலிருந்து இன்னும் அறிவுறுத்தல் வரவில்லை, கூடுதல் அவகாசம் வேண்டுகிறோம் என்று ஒரு வரி தட்டிவிடலாம், பாம்பும் சாகாது தடியும் முறியாது, இரண்டு நாள் கிடைக்கும், இயக்குநரிடமும் மழுப்பலாம். ஆனால் அறிவுறுத்தல் வந்துவிட்டதே, பல் தேய்க்கும்போதே வந்துவிட்டதே, இரண்டு நாள் கழித்து என்ன செய்வார், இன்னும் இரண்டு நாள் கேட்பாரா, அவளுக்கு இது பிடிக்கவே பிடிக்காது, "உங்க ஆளுங்களுக்கு வேண்டாம்னு சொல்லவே வராதா? பாத்துட்டு இருக்கோம், யோசிச்சிட்டு இருக்கோம், கவனத்துல வெச்சிருக்கோம்… காய்கறிக்காரன்கிட்டகூட நீங்க இப்படித்தான், வேண்டாம்னு சொல்லாம அழுகின தக்காளியை வாங்கிட்டு வர்றீங்க."

போனில் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் நீலப் புள்ளி இருந்தது. நேற்றிரவு அனுப்பியிருக்கிறாள், குரல் செய்தி, நல்ல நாள் பெரிய நாள் என்றால் ஒன்று வரும், சிலசமயம் காரணமே இல்லாமல் வரும், அவர் திறப்பதில்லை. முதலாவதை மட்டும் கேட்டிருக்கிறார், அவள் இறந்த கொஞ்ச நாளில் வந்தது, பேருந்தில் நின்றுகொண்டே காதில் வைத்தார், தம்பி என்று ஆரம்பித்தாள், மூக்கை உறிஞ்சினாள், பிறகு நேராக ஒரு கேள்வி கேட்டாள், அந்தக் கேள்வியைக் கேட்ட இடத்தில் பேருந்து ஒரு திருப்பத்தில் திரும்பியது, கம்பியைப் பிடித்துக்கொண்டார், இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போயிற்று… பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது, புண்ணைக் கிளறாமல் விடுவதுதான் மரியாதை, பேசாமல் இருந்தால் தானாக ஆறும் என்று இருந்துவிட்டார், இடுப்பு சரியாகி அக்கா இப்போது நன்றாக நடக்கிறாளாம், யாரோ சொன்னார்கள். இப்போது எதற்கு அது, இப்போது மணி என்ன.

மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. கணினி முன் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலோர நாற்காலிக்குப் போனார், இதுவரை அதில் உட்கார்ந்ததே இல்லை, இப்போதும் உட்காரவில்லை, முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், கீழே நிறுத்தத்தில் பேருந்து வந்து நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், மூன்றாவதாக ஒரு வயதானவர் கையில் பையோடு இறங்கி, ஒரு கணம், தலையைத் தூக்கி இந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார், மழைக்காகத்தான் பார்த்திருப்பார், வேறு எதற்கு… அவள் இங்கேயிருந்து இப்படித்தான் பார்த்தாளா, இவ்வளவு சின்னதாகவா தெரிந்தார், வழுக்கை இவ்வளவு தெளிவாகத் தெரியுமா, ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே. நாற்காலி என்ன ஆகும், போகட்டும், நாற்காலியின் அடியில் வில்லை இருக்கிறது, அவளுக்கு எங்கேயும் வில்லை இல்லை. திரும்பிவந்து தட்டினார். வலது கை, நாளைக்கு எழுத வேண்டும் என்று ஒரு பெண் பத்திரப்படுத்திக் கொடுத்த கை. மாண்புமிகு தலைவர் அவர்களுக்கு, என்று தானாக வந்தது, மேலான, பணிவுடன், என்று விரல்கள் பழக்கத்துக்கு ஓடின, எல்லாவற்றையும் அழித்தார், எங்கள் நாடு இந்த வரைவை ஏற்கவில்லை, அனுமதி பற்றிய புதிய சொற்கள் நீக்கப்பட வேண்டும், போன தொற்றில் இதே சொற்களால் எங்கள் மக்களுக்கான மருந்து குளிர் அறையிலேயே கெட்டுப்போனது. மூன்றாவது பகுதி தேவையா, தேவையில்லை, இந்த மாதிரி அஞ்சலில் யாரும் காரணம் எழுதுவதில்லை, அழிக்காமல் விட்டுவிட்டார், அது இருக்கட்டும். அனுப்பு என்பதை அழுத்தினார். ஒரு சின்ன சத்தம் வந்தது, காகிதத்தை மடிப்பது போல, அவ்வளவுதான், உலகம் அப்படியேதான் இருந்தது, கீழ்வீட்டு இயந்திரம் கடைசிச் சுற்றுக்கு வந்து தடதடவென்று ஆடி நின்றது.

அதன்பிறகு வந்தன. தலைவரின் அலுவலகத்திலிருந்து ஒற்றை வரி, மௌனம் கலைந்தது, திங்கட்கிழமை மீண்டும் கூடுவோம். பின்னாலேயே தீவுக்காரர்கள், நாங்களும், இன்னொரு நாடு, நாங்களும், மூன்றாவது ஒன்று, நாங்களும் இதே கருத்தில்தான் இருந்தோம்… இருந்தீர்களாக்கும். பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து, "இப்பதான் மூச்சு வருது." பிறகு இயக்குநரின் பெயர் திரையில் ஒளிர்ந்தது, ஒளிர்ந்துகொண்டே இருந்தது, அணைந்தது, மறுபடி ஒளிர்ந்தது, கெட்டவர் இல்லை பாவம், அவருக்கும் மந்திரி இருக்கிறார், திங்கட்கிழமைக்குள் உத்தரவு வந்துவிடும், மாதக்கடைசிக்குள் காலி செய்யச் சொல்வார்கள், கூட்டத்தில் அந்தச் சொற்கள் நிற்குமோ போகுமோ, அவர் இருந்து பார்க்கப் போவதில்லை, வேறு யாராவது அவருடைய பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து பணிவுடன் கவனத்தில் கொள்வார்கள். அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சர்க்காரைக் கவுத்துட்டேன் என்று சொன்னால் என்ன சொல்வாள்… சமையலறை வரை போய்விட்டார், கெட்டிலைத் தட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டியை இழுத்தார், இப்போதே ஆரம்பித்தால்தான் முடியும், அடுக்க வேண்டியவை, அவளுடைய புடவைகள், அந்தக் குட்டைக் குடை, பாதி பின்னிய ஸ்வெட்டர், யாருக்கென்று சொல்லாமலே பின்னினாள், கண்ணாடிக் கூடு இரண்டு. பெட்டி சின்னது, இதில் இவருடைய சட்டைகள்தான் போகும். பெரியது, அந்த நீலம், அவளோடு போனது, திரும்பவில்லை, அக்கா வீட்டில் எங்கோ அலமாரி மேலே இருக்கும், அதற்குள் ரெண்டு வாரத்துக்கென்று அவள் அடுக்கியவை இருக்கும். கேட்டு வாங்க வேண்டும், அக்காவிடம், போனை எடுத்தார், அக்காவின் பக்கத்தில் நீளமாகச் செய்திகள், இவர் பக்கம் வெறிச்சென்று, ஒன்றுகூட இல்லை, மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார், முதலாவது வந்தது, கட்டிலில் உட்கார்ந்து அழுத்தினார். "தம்பி… நான் வரச்சொல்லலேன்னா அவ அங்கேயே உங்களோட இருந்திருப்பா, உங்களோட சேந்து ஊசி போட்டிருப்பா. என்னாலதானே போனா? நீங்க சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எனக்கு அது போதும்."

மறுப்பு வராவிட்டால்… யாரும் அக்காவுக்கு மணி குறித்துக் கொடுக்கவில்லை, பன்னிரண்டு என்று சொல்லவில்லை, அவளாகக் காத்திருந்திருக்கிறாள், நல்ல நாளில், கெட்ட நாளில், காரணமில்லாத நாளில், ஒரு வார்த்தை வரும் என்று, வரவில்லை, வராததை என்னவென்று எழுதிக்கொண்டிருப்பாள், மரியாதை என்றா, புண்ணைக் கிளறாத நல்ல மனசு என்றா, இந்தத் தொழிலில் தலை நரைத்த மனிதருக்கு அது தெரியாமலா போயிற்று. காலையிலிருந்து ஒரு கூட்டம் நாடுகளைத் திட்டிக்கொண்டிருந்தாரே… விரல் அழைப்பை அழுத்தியிருந்தது. அந்தப் பக்கம் மணி அடித்தது, நிற்காமல் அடித்தது, பிறகு எடுத்தாள், தூரத்தில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம், மெதுவாக உட்காரும் ஆளின் மூச்சு, "தம்பி?" என்றாள், நம்பாத குரலில். அக்கா என்றார். அதற்கு மேல் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை, சற்று முன் ஒரு முழு மண்டபத்துக்கு அனுப்பியதைவிடச் சின்னது, வாயில் தயாராகத்தான் இருக்கிறது என்று நினைத்துத்தான் அழைத்தார், இப்போது நாக்கால் தடவிப் பார்த்தால் அது அங்கே இருக்கிறதா என்று தெரியவில்லை, இத்தனை நாள் பேசாமல் இருந்தது மரியாதையினால்தானா, அல்லது உள்ளே எங்கோ, பேருந்து திரும்பிய அந்தத் திருப்பத்திலேயே, ஆமாம், உங்களாலதான் என்று ஒரு குரல் ஒப்புக்கொண்டுவிட்டதா… "கேக்குதா தம்பி? சொல்லுங்க" என்றாள் அக்கா, சமையலறையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.